கைமாத்தாக வரும் ஆன்டிபாடி: நாய்க்கடி ஊசியும் கொரோனா பிளாஸ்மாவும்

போன தை மாசம் காங்கயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுத் தோட்டத்தில், விடிகாலையில் ஆட்டுப்பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்துவிட்டன. காங்கயம், வெள்ளகோவில் பக்கம் ஆடு வளர்க்கிறவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை, சில வருஷமாகவே பட்டியோடு ஆடுகளை இழந்துவிட்டு நிற்கிறார்கள். ஆடு கத்தின சத்தம் கேட்டு முதலில் ஓடினது அக்கா மகன். ஒன்பது வயசு. கெண்டைக்காலில் இரண்டு பல் ஆழமாக இறங்கிவிட்டது.

அவன் அப்பத்தா மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துக்கொண்டு வந்திருக்கிறார். அதற்குள் அக்கா எனக்குப் போன் போட்டுவிட்டாள். "அத்தைகிட்டச் சொல்லுக்கா, அதெல்லாம் வெக்க வேண்டாம். பைப்பைத் தொறந்து உட்டு, சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவுங்க" என்றேன். கழுவினார்கள். பக்கத்து ஊர்ச் சின்ன கிளினிக் ஒன்றில் டிடி ஊசியும் நாய்க்கடி தடுப்பூசியும் போட்டு, "அவ்வளவுதானுங்க, மூணாம் நாள் வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தோலைக் கிழித்து ரத்தம் வந்த கடி மூன்றாம் வகைக் கடி, அதற்குத் தடுப்பூசி மட்டும் போதாது, காயத்துக்குள் போடுகிற இன்னொரு மருந்தும் வேண்டும். நான் கோவையில் ஒரு ரத்த வங்கியில் டெக்னீஷியனாக இருப்பதால் இது எனக்குத் தெரிந்திருந்தது. இல்லாவிட்டால் நாங்களும் மூன்றாம் நாள் வரைக்கும் நிம்மதியாக வீட்டில் இருந்திருப்போம், அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

மத்தியானத்துக்குள் பையனைக் கோவைக்குக் கொண்டு வந்தோம். டாக்டர் எடை போட்டுப் பார்த்தார், 24 கிலோ. கிலோவுக்கு 20 யூனிட் கணக்கில் 480 யூனிட், மருந்தாக 3.2 மில்லி. அதைக் கையிலோ இடுப்பிலோ போடவில்லை. ஒவ்வொரு பல் தடத்துக்குள்ளும், அதைச் சுற்றிலும், ஊசியை எடுத்து எடுத்துக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். சதை உப்பி வெளுத்தது. மச்சான் மகனுடைய காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு.

வெளியே வந்ததும் கேட்டார். "ஏன் மாப்ள, புண்ணுக்குள்ளயே போடறாங்களே, அது என்ன மருந்து?"

"மனுசங்க ரத்தத்துல இருந்து எடுக்கறதுங்க மச்சான். பிளாஸ்மால இருக்கற ஆன்டிபாடி."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "எங்கப்பாவுக்குக் கொரோனா அப்ப அலைஞ்சு அலைஞ்சு வாங்கிக் குடுத்தமே, அதுவா? அது கேக்கவே இல்லையே" என்றார்.

அதுவேதான். அன்றைக்குத் தேடி ஓடின பிளாஸ்மாப் பையும், இன்றைக்கு மகன் காலில் இறக்கின மருந்தும் அடிப்படையில் ஒன்றுதான். ஒன்று கேட்கவில்லை, இன்னொன்று உயிரைக் காக்கும். ஏன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்றுகொண்டே அவருக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ரத்தத்தைப் பையில் எடுத்துச் சுழலும் இயந்திரத்தில் வைத்தால் சிவப்பணுக்கள் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா, ரத்தத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. வயிறு முட்டக் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு நேராக வந்து கொடுத்தவர்களின் பிளாஸ்மா பால் ஊற்றின மாதிரிக் கலங்கி நிற்கும், அவ்வளவு கொழுப்பு அதில் மிதக்கும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். மிச்சத்தில் இருக்கும் புரதங்களில் ஒரு வகை ஆன்டிபாடி, பாடப்புத்தகத்தில் எதிர்ப்பொருள் என்று போட்டிருப்பார்கள்.

அதன் வடிவம் ஒரு கவைக்குச்சி. கவையின் இரண்டு நுனியும் வைரஸைப் பிடிக்க, அடிக்கம்பு நம் உடம்புக்கு அடையாளம் காட்ட. கொரோனா வைரஸின் மேலே முள் முள்ளாக இருக்குமே, அந்த முள் நம் செல்லில் போய் ஒட்டினால்தான் வைரஸ் உள்ளே போக முடியும். ஆன்டிபாடி அந்த முள்ளின் மேல் போய் உட்கார்ந்துகொண்டால் ஒட்ட இடமிருக்காது, வைரஸ் வெளியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெள்ளையணுக்கள் வந்து அடிக்கம்பைப் பிடித்து அதை அப்படியே விழுங்கிவிடும். ஒவ்வொரு ஆன்டிபாடியின் நுனியும் ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும், அம்மைக்கு உண்டானது நாய்க்கடியில் வரும் ரேபிஸ் வைரஸைப் பிடிக்காது. ஒரு முறை நோய் வந்து தேறினவர் ரத்தத்தில் அந்த நோய்க்குப் பொருந்தும் கவைகள் கோடிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாமே என்பதுதான் பிளாஸ்மா சிகிச்சையின் மொத்த யோசனையும்.

இந்த யோசனைக்கு லேப் எதுவும் வேண்டியதில்லை, மாடு வளர்க்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். கன்று ஈன்றதும் எழுந்து நிற்கிறதோ இல்லையோ, சீம்பால் வாயில் படவேண்டும் என்று வீட்டில் எல்லாரும் பரபரப்பார்கள். எங்கள் அப்பாரு கன்றின் வாயைப் பிடித்து மடியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத்தான் காப்பி குடிக்கப் போவார். காரணம் இருக்கிறது. மனுஷக் குழந்தைக்குத் தாயின் ஆன்டிபாடி வயிற்றில் இருக்கும்போதே நஞ்சுக்கொடி வழியாக வந்து சேர்ந்துவிடும். மாட்டுக்கு அப்படி வராது. கன்று கிட்டத்தட்ட வெறுங்கையோடுதான் பிறக்கிறது, அதற்கு வேண்டிய ஆன்டிபாடி எல்லாம் சீம்பாலில்தான் இருக்கிறது. அதையும் அப்படியே ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும் திறன் கன்றின் குடலுக்குப் பிறந்த முதல் சில மணி நேரம்தான் நன்றாக இருக்கும், ஒரு நாள் ஆனால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். மறுநாள் ஒரு குடம் சீம்பால் ஊட்டினாலும் முதல் நாள் ஊட்டின அரைப்படிக்கு ஈடாகாது.

ஆன்டிபாடி சிகிச்சை முழுவதும் இந்த நேரக் கணக்கில்தான் நிற்கிறது. அடுத்தவர் உடம்பிலிருந்து வருவது கைமாத்து. அவசரத்துக்கு உதவும், உடனே கைக்கு வரும், ஆனால் தங்காது. வாங்கின ஆன்டிபாடி மூன்று வாரத்துக்கு ஒரு முறை பாதியாகக் கரைந்துகொண்டே போகும். நம் உடம்பு அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு புதிதாக ஒன்றும் செய்யாது. தடுப்பூசி வேறு, அது சொந்தச் சம்பாத்தியம். கைக்கு வர நாளாகும், வந்தால் நிலைக்கும். கைமாத்து வாங்குவதே சொந்தக் காசு வருகிற வரைக்கும் தாக்குப்பிடிக்கத்தான்.

நாய்க்கடியில் இது அப்படியே பொருந்துகிறது. கடித்த இடத்தில் எச்சிலோடு இறங்கின ரேபிஸ் வைரஸ் முதலில் அங்கேயே சதையில் கிடக்கும். பிறகு பக்கத்து நரம்பு நுனிக்குள் நுழைந்து, நரம்பின் வழியாகவே மூளையை நோக்கி நகரும். மூளைக்குப் போய் நோய்க்குறி தெரிய பெரும்பாலும் இரண்டு மூன்று மாசம் ஆகும், சிலருக்கு ஒரே வாரத்தில், சிலருக்கு ஒரு வருஷம் கழித்து. ஆனால் அது நரம்புக்குள் நுழைந்துவிட்டால் ரத்தத்தில் இருக்கும் ஆன்டிபாடி அதைத் தொடுவது ரொம்பக் கஷ்டம். நோய்க்குறி தெரிந்துவிட்டால் அநேகமாக யாருமே பிழைப்பதில்லை. தடுப்பூசி போட்டால் நம் உடம்பு ஆன்டிபாடி தயாரிக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும். அந்தப் பத்து நாள் இடைவெளியில் வைரஸ் நுழைந்துவிட்டால்? அதற்குத்தான் தயாராக இருக்கும் ஆன்டிபாடியை, வைரஸ் கிடக்கிற இடத்திலேயே, அது நரம்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோய் விடுகிறார்கள். இடுப்பில் போட்டால் அது உடம்பு முழுவதும் பரவி, காயத்துக்கு வந்து சேர்வது துளிதான். அதனால்தான் புண்ணுக்குள்ளேயே. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இதை இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: முக்கியமானது காயத்துக்குள் போகிற மருந்துதான், மிச்சத்தை வேறு இடத்தில் போடுவதால் பெரிய லாபம் இல்லை என்று.

இதன் பெயர் ரேபிஸ் இம்யூனோகுளோபுலின். சிலர் சுருக்கமாகச் சீரம் என்பார்கள். மனிதப் பிளாஸ்மாவில் எடுப்பது ஒன்று, ரேபிஸ் தடுப்பூசி போட்டு ஆன்டிபாடியை நன்றாக ஏற்றிக்கொண்ட ஆட்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரிப்பார்கள். விலை அதிகம். குதிரைக்குத் தடுப்பூசி போட்டு அதன் ரத்தத்தில் எடுப்பது இன்னொன்று, விலை குறைவு, கிலோவுக்கு 40 யூனிட். குதிரைப் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும், அதனால் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்ப்பார்கள், ஆனால் இப்போது வருவது நன்றாகச் சுத்திகரித்தது, அதைக் கண்டு பயந்து வேண்டாம் என்பது பெரிய தப்பு. முதல் தடுப்பூசி போட்ட அன்றைக்கே இதையும் போடவேண்டும். அன்றைக்குக் கிடைக்கவில்லை என்றால் தடுப்பூசியைத் தள்ளிப்போடாமல் ஆரம்பித்துவிட்டு, ஏழு நாளைக்குள் எங்கேயாவது தேடிப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு வேண்டாம், ஏனென்றால் அதற்குள் நம் சொந்த ஆன்டிபாடி வர ஆரம்பித்திருக்கும், வெளியிலிருந்து கொடுப்பது அதையும் அமுக்கிவிடும். முன்பே முழுசாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு இது தேவையே இல்லை, அவர்களிடம் சொந்தச் சேமிப்பு இருக்கிறது.

பெரியவர்கள் பலருக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் இருக்கிறது. அது ஆட்டு மூளையில் தயாரித்த பழைய தடுப்பூசி. அது நின்றுபோய் இருபது வருஷம் ஆகிறது. அந்தப் பயத்தில் ஆஸ்பத்திரிக்கே போகாமல் மந்திரிக்கப் போகிறவர்களை இன்னும் பார்க்கிறேன், மனசு பொறுக்கவில்லை.

சரி, மச்சான் கேட்ட கொரோனா விஷயத்துக்கு வருகிறேன்.

2020 செப்டம்பர். அவர் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து பத்தாம் நாள், மூச்சுத் திணறல் ஆன பிறகுதான் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிளாஸ்மா கொடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் செய்தி போட்டோம். பெருந்துறையிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பையன், கொரோனா வந்து தேறினவன், பைக்கில் வந்து கொடுத்துவிட்டுப் போனான். அதை நான் கிட்ட இருந்து பார்த்தேன். ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குள் போய், பிளாஸ்மா மட்டும் பையில் சொட்ட, சிவப்பணுக்கள் திரும்ப உடம்புக்கே வந்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கிற சிட்ரேட் உடம்பிலுள்ள கால்சியத்தைக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும், அதனால் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். "உதடு மதமதங்குதுங்கண்ணா" என்றான், கால்சியம் மாத்திரை கொடுத்தோம். அக்காவும் கொடுக்க வந்தாள், அவளுக்கும் கொரோனா வந்து போயிருந்தது. எடுக்கவில்லை. பிள்ளை பெற்ற பெண்களின் பிளாஸ்மாவில், கர்ப்பத்தின்போது குழந்தையின் செல்களுக்கு எதிராக உருவான சில ஆன்டிபாடிகள் இருக்கலாம், அவை வாங்குகிறவரின் நுரையீரலைத் தாக்கக்கூடும். ஏற்கெனவே நுரையீரல் நொந்துபோன நோயாளிக்கு அந்த ஆபத்து கூடாது. அவள் அழுதுகொண்டே போனாள், காரணத்தைச் சரியாக எடுத்துச் சொல்லக்கூட அன்றைக்கு எங்களுக்கு நேரமில்லை.

இரண்டு பை ஏற்றினார்கள். ஆறாம் நாள் அவர் போய்விட்டார்.

அந்தப் பையன் கொடுத்ததில் குறை எதுவும் இல்லை. நேரம்தான் தவறு. கொரோனா வைரஸ் உடம்பில் வேகமாகப் பெருகுவது முதல் வாரத்தில். இரண்டாம் வாரத்தில் மூச்சுத் திணறல் வருவதற்குப் பெரும்பாலும் காரணம் வைரஸைவிட, அதை எதிர்த்து நம் உடம்பு மூட்டிவிட்ட அழற்சி. அந்த நேரத்தில் ஆன்டிபாடி வந்து எதைப் பிடிக்கும்? செல்லுக்குள் போய்விட்ட வைரஸை அது தொடாது, கெட்டுப்போன நுரையீரலை அது சரிசெய்யாது. அதோடு, பத்தாம் நாளில் நோயாளியின் உடம்பே சொந்தமாக ஆன்டிபாடி தயாரித்திருக்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 ஏப்ரல் முதல் ஜூலை வரை 39 ஆஸ்பத்திரிகளில் 464 நோயாளிகளை வைத்து நடத்தின ஆய்வில் இதுதான் தெரிந்தது. சேரும்போதே பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சொந்த ஆன்டிபாடி இருந்தது. பிளாஸ்மா ஏற்றினவர்களில் நோய் முற்றினவர்களும் இறந்தவர்களும் 19 சதவீதம், ஏற்றாதவர்களில் 18 சதவீதம். வித்தியாசமே இல்லை. பிரிட்டனில் 11,558 பேரை வைத்துப் பார்த்தார்கள், இரண்டு பக்கமும் 28 நாளில் 24 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். 2021 மே 17 அன்று இந்தியாவில் கொரோனா சிகிச்சைப் பட்டியலிலிருந்து பிளாஸ்மாவை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்தின வாரம் வரைக்கும் எங்களுக்குப் போன் வந்துகொண்டேதான் இருந்தது.

அளவும் ஒரு சிக்கல். பெரிய ஆள் உடம்பில் சுமார் மூன்று லிட்டர் பிளாஸ்மா ஓடுகிறது. அதில் 200 மில்லி கலந்தால் கொடுத்தவரின் ஆன்டிபாடி பதினாறில் ஒரு பங்காக நீர்த்துவிடும். கொடுத்தவரிடம் ரொம்ப அதிகமாக இருந்தால்தான் மிச்சம் ஏதாவது தெரியும். லேசாக நோய் வந்து போனவர்களிடம் பெரும்பாலும் அவ்வளவு இருக்காது. 2020-இல் யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கப் பெரும்பாலான இடங்களில் வசதி இல்லை, வந்தவர்களிடம் எடுத்தோம், கேட்டவர்களுக்குக் கொடுத்தோம்.

அப்படியானால் கொரோனாவுக்குப் பிளாஸ்மாவே வீணா? இல்லை. அர்ஜென்டினாவில் 160 முதியவர்களை வைத்து ஒரு ஆய்வு. அறிகுறி தெரிந்து 72 மணி நேரத்துக்குள், ஆன்டிபாடி அதிகம் உள்ள பிளாஸ்மாவாகப் பார்த்துக் கொடுத்தார்கள். பிளாஸ்மா வாங்காதவர்களில் 31 சதவீதம் பேருக்கு மூச்சுப் பிரச்சினை முற்றியது, வாங்கினவர்களில் 16 சதவீதம்தான். அமெரிக்காவில் வீட்டில் இருந்த 1,181 நோயாளிகளுக்கு ஒன்பது நாளைக்குள் கொடுத்துப் பார்த்தபோது ஆஸ்பத்திரியில் சேரவேண்டி வந்தவர்கள் 6.3 சதவீதத்திலிருந்து 2.9 சதவீதமாகக் குறைந்தார்கள். ரத்தப் புற்றுநோய் மாதிரி, சொந்தமாக ஆன்டிபாடி தயாரிக்கவே முடியாதவர்களுக்கும் பயன் உண்டு, அவர்களுக்குக் கைமாத்தைத் தவிர வேறு வழி இல்லை. சிக்கல் என்னவென்றால் முதல் மூன்று நாளில் சாதாரணக் காய்ச்சல் என்று வீட்டில் கஷாயம் குடித்துக்கொண்டிருப்பவரைக் கூப்பிட்டுப் பிளாஸ்மா ஏற்றுவது நடைமுறையில் நடக்கிற காரியமா?

அதே அர்ஜென்டினாவில் இதற்கு இன்னும் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. மக்காச்சோளக் காடுகளில் வேலை செய்கிறவர்களுக்கு எலி மூலம் ஜுனின் என்ற வைரஸ் வந்து, ரத்தக்கசிவுக் காய்ச்சலில் இறந்துகொண்டிருந்தார்கள். நோய் வந்து தேறின விவசாயிகளின் பிளாஸ்மாவை, காய்ச்சல் தொடங்கி எட்டு நாளைக்குள் கொடுத்துப் பார்த்தார்கள். 1979-இல் முடிவு வெளியானது. சாதாரணப் பிளாஸ்மா வாங்கினவர்களில் 16.5 சதவீதம் பேர் இறந்தார்கள், தேறினவர்களின் பிளாஸ்மா வாங்கினவர்களில் 1.1 சதவீதம், அதாவது 91 பேரில் ஒரே ஒருவர். சோளக்காட்டில் வேலை செய்த ஒருவர் பிழைத்து வந்து, அடுத்த காட்டில் விழுந்தவரைத் தூக்கிவிட்ட மாதிரி.

நம் ஊர்ப் பிரசவ வார்டுகளிலும் இதே கணக்குத்தான். தாய்க்கு ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருந்தால் குழந்தை பிறந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு தொடையில் தடுப்பூசியும் இன்னொரு தொடையில் ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். சொந்தக் காசும் கைமாத்தும் ஒரே நேரத்தில். கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை செய்வது இதற்காகத்தான், அந்த ரிப்போர்ட்டைப் பிரசவத்துக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போது பிளாஸ்மாவே இல்லாமலும் ஆன்டிபாடி தயாரிக்கிறார்கள். பிளாஸ்மாவில் ஆயிரக்கணக்கான வகைக் கவைகள் கலந்து கிடக்கும், அதில் நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். நன்றாகப் பிடிக்கிற ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைச் செல்களில் வளர்த்து அச்சு அசலாக எடுப்பது மோனோகுளோனல் ஆன்டிபாடி. 1995-இல் காங்கோவின் கிக்விட் நகரத்தில் எபோலா வந்து பிழைத்த ஒருவரிடம் பதினோரு வருஷம் கழித்து ரத்தம் எடுத்தார்கள், அந்த ஆன்டிபாடியைத் தயாரிக்கிற செல் அப்போதும் அவர் உடம்பில் இருந்தது. அதிலிருந்து வந்த மருந்துதான் 2018-19 எபோலாவில் பலரைக் காப்பாற்றியது. ரேபிஸுக்கும் நம் நாட்டிலேயே சீரம் இன்ஸ்டிட்யூட் என்ற கம்பெனி தயாரித்த மோனோகுளோனல் மருந்துக்கு 2016-இல் அனுமதி கிடைத்தது. குதிரையும் வேண்டாம், கொடையாளியும் வேண்டாம். ஆனால் ஒரே ஒரு வடிவத்தைப் பிடிக்கிற மருந்து, வைரஸ் அந்த இடத்தைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் கைவிட்டுவிடும், ஒமிக்ரான் வந்தபோது கொரோனா மோனோகுளோனல்கள் பலவற்றுக்கு அதுதான் நடந்தது. பல வகை கலந்த பிளாஸ்மாவை ஏமாற்றுவது வைரஸுக்கு அவ்வளவு சுலபம் இல்லை.

பையனுக்கு 28-ஆம் நாள் ஊசியும் முடிந்தது. கடித்த நாய் எதுவென்றே தெரியவில்லை, அதற்கு வெறி இருந்ததா என்றும் தெரியாது, தெரிந்துகொள்ளக் காத்திருக்கவும் முடியாது. பல் பதிந்த இடத்தில் இரண்டு கருப்புப் புள்ளி மட்டும் இருக்கிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு அம்மாவை நாய் கடித்துவிட்டதாம். மச்சான் அவரைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு, வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டிருக்கிறார்: "ஏனுங்க, புண்ணுக்குள்ள போடற ஊசி ஸ்டாக் இருக்குதுங்களா?"